முதலில் பிள்ளைக்கு, பிறகு பெரியவர்களுக்கு: ஜார்ஜ்டவுன் வாழை இலைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது பினாங்கு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. கடையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் சொல்லப்போவதில்லை, முதலாளி எழுத அனுமதி கொடுத்ததே அந்த நிபந்தனையில்தான். நான் ஓட்டல்களில் பரிமாறுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கீழே வரும் சம்பவத்துக்குப் பிறகு முதலாளி கூப்பிட்டு, "ஒரு நடை வந்து கடையைப் பாருங்க, எங்க தப்பு நடக்குதுன்னு சொல்லுங்க" என்றார். சில மாதங்கள் அங்கே போய் வந்தேன். அப்போது பார்த்ததையும் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுகளையும் எழுதுகிறேன். குடும்பங்களை நம்பிச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், அவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

கடை பழைய காலத்துக் கடைவீடு. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், பின்கட்டில் அடுப்படி, அதற்கு முன்னால் கை கழுவும் இடம். கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையை இங்கே ஐந்தடிப் பாதை என்பார்கள், அதிலிருந்து உள்ளே வர ஒரு படி ஏற வேண்டும். ஜார்ஜ்டவுன் 2008-ல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் இருக்கும் கட்டடம் என்பதால் படியை இடிப்பது, சுவரைத் தள்ளிக் கட்டுவது போன்ற வேலைகளுக்கு மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே "இடத்தைப் பெரிசாக்கலாமே" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, இருக்கிற இடத்தில் இருக்கிற ஆட்களை வைத்துத்தான் எதையும் செய்ய முடியும்.

ஆட்கள் என்று பார்த்தால், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த இரண்டு மூத்த பரிமாறுபவர்கள், சனி ஞாயிறுகளில் மட்டும் வரும் உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி, அடுப்படியில் மாஸ்டரும் உதவியாளரும், கல்லாவில் முதலாளியின் மனைவி. வார நாட்களில் மதியம் அலுவலகக் கூட்டம், சாப்பிட்டு உடனே கிளம்புபவர்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மதியமும் வேறு மாதிரி. குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே சாப்பிட வருபவர்கள், பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து பாலம் தாண்டி வருபவர்கள், பாட்டி தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை ஒரே மேசையில் மூன்று தலைமுறை.

முதலாளிக்குத் தன் கடை குடும்பக் கடை என்பதில் பெருமை உண்டு. "பிள்ளைங்க ஓடுனாலும் அழுதாலும் நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், ரெண்டு பேபி சேர் வச்சிருக்கோம், அப்புறம் என்ன குறை?" என்று என்னிடம் கேட்டார். உண்மையில் அப்படித்தான் நம்பினார். கடையில் யாரும் எந்தப் பிள்ளையையும் அதட்டி நான் பார்த்ததில்லை.

சம்பவம்

ஒரு ஞாயிறு மதியம், கூட்டம் உச்சத்தில் இருந்த நேரம். இளம் தம்பதி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, கூடவே கணவரின் அம்மா. மேசை கிடைக்க ஐந்தடிப் பாதையில் வெயிலும் நிழலுமாகக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு நடைவழி ஓரத்து மேசை கிடைத்தது. பேபி சேர் வந்தது, ஆனால் அதன் வாரின் கொக்கி உடைந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. பிள்ளை நழுவுகிறாள் என்று அம்மா தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இலை போட்டார்கள், காய்கறி வைத்தார்கள், சோறு வந்தது, சாம்பார் ஊற்றினார்கள். எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க ரசம் வைத்தார்கள். குழந்தைக்கு மட்டும் அதுவரை எதுவும் வரவில்லை. அவள் பசியில் முனகிக்கொண்டே இருந்தவள், கைக்கு எட்டிய இலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். இலை வழுக்கிக்கொண்டு வந்தது, அதோடு சேர்ந்து டம்ளரும் சாய்ந்தது. ரசம் அம்மாவின் தொடையிலும் குழந்தையின் இடது கையிலும் கொட்டியது.

பரிமாறிய அண்ணன் ஐஸ் எடுக்க ஓடினார். பக்கத்து மேசைக்காரர் பற்பசை தடவச் சொன்னார், பாட்டியும் அதையே கேட்டார். முதலாளியின் மனைவிதான் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கையைக் காட்டினார். செய்ய வேண்டியது அதுதான், ஆனால் பிள்ளை கத்தியதில் சில நிமிடங்களுக்கு மேல் யாராலும் பிடிக்க முடியவில்லை. சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள், சாப்பாடு அப்படியே கிடந்தது. முதலாளி காசு வாங்கவில்லை. வாசலில் அந்தப் பெண் திரும்பி, "சாரிண்ணே, கடையையே அசிங்கப்படுத்திட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளியை உலுக்கியது இந்த வார்த்தைதான். "சுட்டது அவங்க பிள்ளைக்கு, மன்னிப்புக் கேக்கிறதும் அவங்களா?" என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். கொக்கி உடைந்ததை மட்டும் மாற்றிவிட்டு விஷயத்தை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாததால்தான் இந்த ஆய்வே நடந்தது.

கவனித்தவை

வெள்ளி மாலைகளிலும் ஞாயிறுகளிலும் ஒரு மூலையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு வரும் மேசைகளை மட்டும் பார்த்தேன். ஒரு பரிமாறுபவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எல்லா வேலையும் பெரியவர்களுக்கு ஏற்ற வரிசையில் நடந்தது. அந்த வரிசையில் பிள்ளை எங்கேயும் இல்லை.

முதலில் இலை. தட்டுக்கு விளிம்பும் கனமும் உண்டு, இலைக்கு இரண்டும் கிடையாது. அடியில் தண்ணீர் தெளித்த ஈரம் வேறு. மேசை விளிம்புக்குச் சரியாக வரும்படி இலையைப் போடுகிறோம், மடியில் இருக்கும் பிள்ளையின் கை இருப்பதும் அதே உயரத்தில்தான். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளில் இலையை இழுக்காத பிள்ளையை நான் அநேகமாகப் பார்க்கவில்லை. அம்மாக்கள் எல்லோரும் இடது கையால் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வலது கையால் அவசரம் அவசரமாகச் சாப்பிட்டார்கள்.

ரசம், பால் சேர்த்த தே (தேநீர்), நெஸ்காபே எல்லாம் அந்த இலைக்குப் பக்கத்திலேயே வந்தன. 60 டிகிரி சூட்டில் இருக்கும் நீர் பெரியவர்களின் தோலையே சில வினாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும், பிள்ளைகளின் தோல் அதைவிட மெல்லியது. போட்டுக் கால் மணி நேரம் ஆன தேகூட ஒரு குழந்தையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். ஆறிவிட்டது என்று நாம் நினைப்பது நம் நாக்குக்குத்தான்.

இரண்டாவது, பேபி சேரை வைத்த இடம். மேசையின் மற்றப் பக்கங்களில் ஆள் இருந்தால் நடைவழிப் பக்கம்தான் மிச்சம், அங்கேதான் போட்டார்கள். சாம்பார் வாளியோடு போகும் அண்ணன் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே கையை நீட்டி அப்பாவின் இலையில் ஊற்றுகிறார். ஒருமுறை கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சேரின் பலகையில் விழுந்தது, பிள்ளையின் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி. அவர் கவனிக்கவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது, காத்திருப்பு. உட்கார்ந்ததிலிருந்து பிள்ளை வாயில் ஒரு கவளம் போவதற்குக் கூட்ட நேரத்தில் இருபது நிமிடம் வரை ஆனது. பெரியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. கோயிலில் நின்று, வெயிலில் நடந்து, தூக்க நேரமும் தாண்டி வந்த ஒரு பிள்ளைக்கு அது ஒரு யுகம். சோறு வந்த பிறகும் எல்லாவற்றிலும் காரம். அம்மா வெறும் சோற்றை அப்பளத்தோடு பிசைந்து கொடுப்பார், இல்லையென்றால் தயிர் கேட்பார், தயிர் வர இன்னும் ஐந்து நிமிடம்.

நான்காவதாகப் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாய்மார்கள் கீழே குனிந்து, மேசைக்கு அடியில் சிந்திய சோற்றுப் பருக்கைகளை டிஷ்யூவால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஒருவர் இல்லை, பலர். ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து பொறுக்கினார், அவருடைய இலையில் பாதிச் சோறு ஆறிக் கிடந்தது. யாரும் அவரைப் பொறுக்கச் சொல்லவில்லை. அதே நேரத்தில், "விடுங்கக்கா" என்று சொல்லவும் யாரும் இல்லை. துடைக்க வரும் அண்ணன் துடைப்பத்தோடு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார், அவர் முகத்தில் கோபமில்லை, களைப்பு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது கோபமாகத்தான் தெரிந்திருக்கும்.

இது போக, டயப்பர் மாற்றப் பலகை இருந்தது பெண்கள் கழிவறையில். தனியாகப் பிள்ளையோடு வந்த ஓர் அப்பா ஐந்தடிப் பாதையில் நிறுத்திய தள்ளுவண்டியிலேயே மாற்றினார். அந்த வாசலிலோ புகைப்பவர்கள். உணவகங்களில் புகைக்கக் கூடாது, 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது 2019 ஜனவரி முதலே இங்கே நடைமுறை. ஆனால் ஐந்தடிப் பாதை கடைக்குள் சேர்த்தியா இல்லையா என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

கல்லா மேசையின் கீழ்த்தட்டில், ஒரு பிள்ளையின் கண் உயரத்துக்குச் சரியாக, கடலை மிட்டாய் பாட்டில் இருந்தது.

அப்புறம் கொஞ்சல். நம் ஆட்களுக்குப் பிள்ளை என்றால் உயிர். மூத்த பரிமாறுபவர்களில் ஒருவர் ஊரில் விட்டுவிட்டு வந்த மகளை நினைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிவிடுவார், கன்னத்தைக் கிள்ளுவார். சில தாய்மார்கள் "அப்பாடா, ரெண்டு நிமிஷம் சாப்பிடலாம்" என்று கொடுத்துவிட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் பதறியது தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலாளிக்கு முதலில் தோன்றியது விளையாட்டு மூலை. ஒரு மேசையை எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பு, பொம்மைகள், சுவரில் கார்ட்டூன் டிவி. நான் வேண்டாம் என்றேன். இடம் குறுகலான கடையில் பிள்ளையை ஒரு மூலைக்கு அனுப்பினால் அம்மாவோ அப்பாவோ அங்கே போய் உட்கார வேண்டும், குடும்பமாகச் சாப்பிட வந்தவர்கள் பிரிந்து உட்காருவார்கள். தவிர, கை கால் வாய் நோய் மலேசியாவில் அடிக்கடி பரவும் ஒன்று, பொம்மைகளை ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் கழுவ அங்கே ஆள் கிடையாது. வரும் குடும்பங்கள் தேடியது விளையாட்டில்லை, நிம்மதியாக ஒரு வேளைச் சாப்பாடு. ஆகவே பரிமாறும் வரிசையை மாற்றுவோம் என்று முடிவானது.

முதல் விதி: பிள்ளைக்கு முதலில். சின்னப் பிள்ளையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்ததும், ஆர்டர் எடுப்பதற்கு முன்பே, ஒரு சிறிய கிண்ணத்தில் குழைந்த சோறும் பருப்பும், கூட ஒரு வாழைப்பழமும் போக வேண்டும். மாஸ்டர் உப்பும் தாளிப்பும் சேர்க்கும் முன் கொஞ்சம் பருப்பை எடுத்து வைத்துவிடுவார், ஒரு வயது ஆகாத பிள்ளைகளுக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பதால். கொடுப்பதற்கு முன் "பிள்ளைக்குப் பருப்பு சோறு குடுக்கலாமாக்கா, ஏதாவது ஒத்துக்காதா?" என்று ஒரு கேள்வி. இது முக்கியம், ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இப்படிச் சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது, சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை இருக்கும். பாயசத்தில் போடும் முழு முந்திரியும் கல்லாவில் இருந்த கடலையும் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடியவை. கடலை மிட்டாய் பாட்டில் அன்றே மேல்தட்டுக்குப் போனது.

பசியடங்கிய பிள்ளை இலையை இழுக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரு வாழைப்பழத் துண்டு இருக்கும்போது குறைவாக இழுக்கிறது, அதை எல்லோரும் பார்த்தோம்.

இரண்டாவது, சூடு. மடியில் பிள்ளை வைத்திருப்பவருக்கு இலையை மேசையில் போடாமல், விளிம்புள்ள பெரிய எவர்சில்வர் தட்டில் வெட்டிப் போடுவது. சில பாட்டிமார் இதென்ன பழக்கம் என்று கேட்டார்கள், காரணம் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். ரசத்தைக் கேட்காமல் வைப்பதில்லை, கேட்டால் எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் வைப்பது. வாளியோடு வருபவர் பிள்ளை இருக்கும் பக்கத்திலிருந்து ஊற்றக் கூடாது, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். இதற்காகவே சுவர் ஓரத்து மூன்று மேசைகளைக் குடும்ப மேசைகளாக ஒதுக்கினோம். முன்பு பிள்ளைகளோடு வருபவர்களை இடம் இருந்தால் பின்னால், கழிவறைப் பக்கத்து மேசைக்கு அனுப்புவார்கள், சத்தம் மற்றவர்களுக்குக் கேட்காது என்ற எண்ணத்தில். அதை முதலாளியே நிறுத்தினார்.

பழைய பேபி சேர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, இடுப்பு வாரும் கால்களுக்கு நடுவே வரும் வாரும் சரியாக இருக்கிற இரண்டை வாங்கினார்கள். மேசையைக் காலால் உதைத்துப் பிள்ளை பின்னால் சாய முடியாதபடி எங்கே வைக்க வேண்டும் என்று மாணவி தரையில் டேப் ஒட்டிக் குறித்தாள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் பலகையைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பது, நாள் முடிவில் நீர்த்த பிளீச். கை கால் வாய் நோய்க் கிருமிக்குச் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, பலருக்கு இது தெரிவதில்லை.

சுட்டால் என்ன செய்வது என்பதை எல்லோரும் செய்து பார்த்தார்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம், ஐஸ் இல்லை, பற்பசை இல்லை, எண்ணெய் இல்லை. பிறகு சுத்தமான ஈரமில்லாத துணியையோ பிளாஸ்டிக் உறையையோ தளர்வாகப் போர்த்தி மருத்துவரிடம். 20 நிமிடம் என்பது அழும் பிள்ளையோடு எவ்வளவு நீளம் என்பதால், ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, ஒருவர் நேரம் பார்க்க என்று பிரித்துக்கொண்டார்கள். உணவு கையாள்பவர்கள் எல்லோரும் பயிற்சி வகுப்புக்குப் போய் டைபாய்டு ஊசியும் போட வேண்டும் என்பது இங்கே சட்டம், இந்தக் கடையில் எல்லோரும் இரண்டையும் முடித்தவர்கள். கொட்டிய ரசத்துக்கு முன்னால் நிற்கும்போது அந்த வகுப்பு மட்டும் போதவில்லை.

மூன்றாவது, பேச்சு. இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். சோறு சிந்தினால் யாராவது உடனே போய், "விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு நிஜமாகவே கூட்ட வேண்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டால் அந்தப் பெண் மறுபடி குனிவார். குடும்ப மேசைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் துடைப்பமும் முறமும் வைத்தோம். பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கக் கூடாது. உதவி செய்ய வேண்டுமென்றால் கிட்டப் போய், "ஏதாவது வேணுமா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். தூக்குவதற்கு முன் கேட்க வேண்டும், "நான் கொஞ்சம் வச்சிக்கவாக்கா?" என்று. மகளை நினைத்துக் கொஞ்சும் அண்ணனுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கேட்ட பிறகு கொடுக்கும் தாய்மார் நிம்மதியாகக் கொடுக்கிறார்கள் என்பதை அவரே பிறகு சொன்னார்.

தாய்ப்பால் கொடுக்க இடம் கேட்டால், அல்லது கேட்காமலே தேடுவது தெரிந்தால், மாடியில் சுவரைப் பார்த்த மேசை. கழிவறையைக் காட்டவே கூடாது.

மீதி சின்னச் சின்ன விஷயங்கள். டயப்பர் பலகையைப் பெண்கள் கழிவறையிலிருந்து எடுத்துக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தடுப்புக்குப் பின்னால் மாட்டினார்கள், அப்பாக்களும் போகலாம். தள்ளுவண்டி ஏற மரத்தில் ஒரு சாய்பலகை, வேண்டும்போது போட்டு எடுக்கலாம், கட்டடத்தில் கை வைக்க வேண்டியதில்லை. சோறு வைக்கும்போதே பில்லும் மேசைக்கு வந்துவிடும், உட்கார்ந்த இடத்திலேயே கைபேசியில் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்து கட்டிவிடலாம், அழும் பிள்ளையோடு கல்லாவில் வரிசை நிற்க வேண்டாம். பாதியில் கிளம்ப வேண்டி வந்தால் மீதியைக் கேள்வி கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பது. வாசலில் புகைப்பதை முழுவதுமாக நிறுத்தினார்கள்.

கடைக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. மற்ற மூத்த பரிமாறுபவர் வெளிப்படையாகவே கேட்டார்: "இருபது இலைக்கு நடுவுல ஒரு பிள்ளைக்குன்னு தனியா ஓடணுமா முதலாளி?" நியாயமான கேள்விதான், அவர் கால் வீங்க நிற்பவர். ஞாயிறுகளில் மாணவிக்கு அந்த மூன்று மேசைகள் மட்டும் என்று பிரித்ததில் அவர் சமாதானமானார்.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில வாரங்கள் தடுமாற்றம்தான். மாஸ்டர் பருப்பை எடுத்து வைக்க மறந்துவிடுவார், மாணவி ஓடிப் போய்க் கேட்கும்போது தாளித்து முடிந்திருக்கும். முதலாளியின் மனைவி காலையில் கடை திறந்ததுமே ஒரு தனி டிபன் கேரியரை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தார், அது காலியாக இருந்தால் எல்லோர் கண்ணிலும் படும். அப்புறம் மறதி இல்லை.

பல வருடமாக வரும் பெரியவர் ஒருவர், தனக்குப் பிறகு வந்த மேசைக்கு முதலில் கிண்ணம் போனதைப் பார்த்துக் கோபப்பட்டார். "சின்னப் பிள்ளைக்குத்தான் ஐயா, உங்களுக்கு இதோ வருது" என்று மாணவி சொன்னாள். அவர் அன்று சமாதானமாகவில்லை. சில வாரம் வரவில்லை, பிறகு வார நாளில் வர ஆரம்பித்தார். இதைக் கடையின் வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதலில் பரிமாற முடியாது, யாருக்கு முதலில் என்று கடை முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

கிரேயானும் காகிதமும் வைத்துப் பார்த்தோம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. சின்னவர்கள் வாயில் வைத்தார்கள், கிரேயான் கீழே விழுந்து மிதிபட்டுத் தரையெல்லாம் வழுக்கியது. எடுத்துவிட்டோம்.

மாலை வேளையில் ஒரு பிள்ளை மைலோ ஐஸைக் கொட்டியது, மேசை முழுக்க, அப்பாவின் பேண்ட் முழுக்க. மாணவி துணியோடு வந்து, "நல்லவேளை சூடில்ல, இன்னொண்ணு கொண்டு வர்றேண்ணே" என்றாள், புதியதற்குக் காசு போடவில்லை. அந்த அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றி சொன்னார். முதலாளி கல்லாவிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணத்துக்கு விலை போடலாமா என்று பேசினோம். சோறும் பருப்பும் பழமும் பெரிய செலவில்லை, விலை போட்டால் "வேண்டாம்" என்று சொல்லிப் பிள்ளையைக் காக்க வைப்பார்கள் என்பதால் இலவசமாகவே விட்டார்கள். வியாபாரம் கூடியதா என்று கேட்டால், முதலாளி கூடியிருக்கிறது என்கிறார். ஆனால் அதே சமயம் மீன் கறியின் விலையைக் குறைத்திருந்தார், ஆகவே எதனால் என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்த மாற்றம் ஒன்று உண்டு. கூட்டமில்லாத நேரம் எது என்று குடும்பங்களிடம் மாணவி சொல்லத் தொடங்கியதும் பலர் பதினொன்றரைக்கே வர ஆரம்பித்தார்கள். மூன்று மேசைகளை ஒதுக்கினால் மதியக் கூட்டத்தில் இடம் போய்விடும் என்ற முதலாளியின் பயமும் பெருமளவு அதில் தீர்ந்தது.

தைப்பூசத்தில் எல்லாம் குலைந்தது. வெள்ளி ரதமும் தங்க ரதமும் லிட்டில் இந்தியாவிலிருந்தே தண்ணீர்மலை முருகன் கோயில்களுக்குக் கிளம்புவதால் அந்த நாட்களில் தெருவே நிரம்பி வழியும். கடையில் குடும்ப மேசை, தனி மேசை என்ற பேச்சே இல்லை, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கிண்ணம் போகவில்லை, வாளி மறுபடி பிள்ளைகளின் தலைக்கு மேலே போனது. நல்லவேளை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சாதாரண நாளுக்காகச் செய்த ஏற்பாடு திருவிழாக் கூட்டத்தைத் தாங்காது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

சம்பவம் நடந்த அந்தக் குடும்பம் திரும்ப வரவில்லை. அவர்களின் தொலைபேசி எண்ணை அன்று யாரும் கேட்டு வைக்கவில்லை, பிள்ளையின் கை எப்படி ஆனது என்று விசாரிக்கக்கூட வழியில்லை. முதலாளியின் மனைவி இதைப் பற்றி இன்னும் பேசுகிறார்.

இனி மாற்ற வேண்டியவை

கடையில் ஏதாவது நடந்தால் எண்ணை வாங்கி வைத்து, மறுநாள் முதலாளியே கூப்பிட்டு விசாரிப்பது என்று இப்போது முடிவாகியிருக்கிறது. இதைச் சம்பவத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சாப்பாட்டுக் காசு வாங்காததை விட அது எவ்வளவோ பெரியது.

எல்லாம் ஒரு மாணவியை நம்பி நடப்பது ஆபத்து. அவளுக்குத் தேர்வு வந்தபோது ஒரு ஞாயிறு வரவில்லை, அன்று பாதி விதிகள் நடக்கவில்லை. மற்ற இருவரும் முறை மாற்றி அந்த மேசைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் குடும்ப மேசையில்தான் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தைப்பூசத்துக்கு ரசத்தையும் சூடான பானங்களையும் மேசைக்கே கொண்டுபோகாமல் முன்பக்கம் தனியாகக் கொடுப்பது, பருப்பு சோற்றைக் காலையிலேயே சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்து வாசலிலேயே நீட்டுவது என்று மாஸ்டர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

சத்தம் தாங்க முடியாத பிள்ளைகளைப் பற்றி நாங்கள் சரியாக யோசிக்கவே இல்லை. ஆட்டிசம் உள்ள மகனோடு வந்த ஒரு தாய், டிவியின் ஒலியைக் குறைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், குறைத்தார்கள். அவர் கேட்க வேண்டியிருந்ததே தவறு. மதியம் பன்னிரண்டு வரை டிவியைப் போடாமல் விட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மாடிப் படிக்கட்டின் அடியில் ஒரு சிறு கதவு போட வேண்டும், பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள். சுவரில் துளை போடாமல் இறுக்கி நிறுத்தும் வகைக் கதவு என்றால் கட்டடத்துக்குப் பாதிப்பில்லை, படியின் அகலத்தை அளந்து ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அது வரும் வரை ஞாயிறுகளில் கடைசிப் படியில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைக்கிறார்கள். மாடிக்குப் போக வேண்டியவர்கள் எடுத்துவிட்டுப் போய்த் திரும்ப வைக்க மறந்துவிடுவதால், அந்தப் பொறுப்பு இப்போது கல்லாவில் இருப்பவருடையது.